இப்போதைக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை

தோற்றுப்போன டீமின் ரசிகரைப் பார்த்தால் பாவம் என்று உச்சுக்கொட்டலாம். கோப்பை வாங்கிய டீமின் ரசிகரைப் பார்த்தால் வயிறெரியலாம். ஆனால் சீசனின் முதல் மேட்ச்சை, அதை மட்டும் ஜெயித்திருக்கிற டீமின் ரசிகரை என்ன செய்வது? கைகொடுத்தால் கையை இழுத்துக்கொள்வார். வாழ்த்துச் சொன்னால் சுற்றுமுற்றும் பார்ப்பார். "ஜெயிச்சுட்டீங்களே!" என்றால், தன் வீட்டில் திருட்டுச் சாமான் இருப்பதை யாரோ கண்டுபிடித்துவிட்ட மாதிரி, "சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்பார். வாசகரே, இந்தப் பிறவியைத்தான் இன்றைக்கு நாம் கொஞ்சம் உட்கார வைத்துப் பார்க்கப் போகிறோம். ஓடிவிடுவாரோ என்று பயப்படாதீர்கள். இவ்வளவு சந்தோஷத்தை உள்ளே அடக்கிக்கொண்டு யாராலும் ஓட முடியாது.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். மேட்ச் முடிந்த மறுநாள் காலையில், தெருவில் யாருடைய முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப்பார்த்து, உதட்டோரத்திலேயே பிடிபட்டு, வந்த வழியே உள்ளே துரத்தப்படுகிறதோ, அவர்தான். முந்தின நாள் கண்கொட்டாமல் பார்த்த மேட்ச்சைப் பற்றிப் பேப்பரில் ஒரு வரி விடாமல் படிப்பார். படித்து முடித்துப் பக்கத்து வீட்டுப் பேப்பரையும் கேட்டு வாங்குவார், அதில் ஒரு கோல் கூடுதலாகப் போட்டிருப்பார்களோ என்னவோ. புள்ளிப் பட்டியலைப் பார்ப்பார். எல்லா டீமும் ஒரே ஒரு மேட்ச் ஆடியிருக்கிற பட்டியல் அது. அதற்கு மேல் அதில் ஒரு மண்ணும் கிடையாது. இருந்தாலும் தன் டீம் உச்சியில் இருப்பதை முதலில் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார், பிறகு கழற்றிவிட்டுப் பார்ப்பார். யாராவது வரும் சத்தம் கேட்டால் பக்கத்தைப் புரட்டிச் சமையல் குறிப்பு படிப்பார்.

பேச்சு எப்படி இருக்கும் என்கிறீர்களா? ஜெயித்த டீமை இவர் திட்டுகிற மாதிரி தோற்ற டீமின் ரசிகர்கூடத் திட்ட மாட்டார். "இடது பக்கம் டிஃபென்ஸ் ஓட்டை." "கோல்கீப்பர் தூங்கிட்டிருந்தான், பந்து அதுவா வந்து அவன் கையில விழுந்துச்சு." "எதிர் டீம்ல பாதிப் பேருக்குக் காய்ச்சலாம்." கடைசியாக, பெருமூச்சோடு, "ஒரு மேட்ச்தானே, பார்ப்போம்." கோப்பை என்ற சொல்லை மட்டும் மறந்தும் சொல்ல மாட்டார். ரொம்பக் கட்டாயமானால் 'அது' என்பார். வாயைத் திறந்து சொல்லிவிட்டால் கண்பட்டுவிடும், வாய்வைத்த காரியம் விளங்காது என்பது இவர் மதம். இந்த மதத்துக்கு ஒரே ஒரு பாவம்தான் உண்டு: ஆசையை உரக்கச் சொல்வது.

நம் பல் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்களேன்.

அவருடைய டீம் பச்சைச் சட்டைக்காரர்கள். அவர்கள் கடைசியாகக் கோப்பை வாங்கியபோது டாக்டரின் தலையில் சீப்புக்கு வேலை இருந்தது. அதற்கப்புறம் வருஷா வருஷம் நடந்ததைச் சொல்லி உங்கள் மனதைக் கஷ்டப்படுத்த விரும்பவில்லை. போன வருஷம் முதல் மேட்ச்சிலேயே மண்ணைக் கவ்வினார்கள். டாக்டருக்கு அது ஒரு பொற்காலம். எதிர்பார்க்க ஒன்றுமில்லை, பயப்பட ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார், மனைவியோடு இரண்டு தடவை சினிமாவுக்குக்கூடப் போனார். இந்த வருஷம் பாவிகள் முதல் மேட்ச்சையே ஜெயித்துத் தொலைத்துவிட்டார்கள். அதுவும் மூன்று கோல் போட்டு. நிம்மதி போயிற்று.

மேட்ச் முடிந்ததும் முதல் போன் மச்சினனிடமிருந்து வந்தது. மனைவியின் தம்பி, உள்ளதை அப்படியே கொட்டுகிற ரகம்.

"அத்தான்! இந்த வருஷம் கப் நமக்குத்..."

டாக்டர் போனை வைத்துவிட்டார். வைத்துவிட்டு, கடைசி எழுத்து வருவதற்குள் வைத்தோமா, வந்தபிறகு வைத்தோமா என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கிளினிக்கில் ஒரு தபால்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டே, "டாக்டர், உங்க பசங்க பின்னிட்டாங்களாமே!" என்றார்.

"வாயை நல்லா திறங்க."

திறந்தார். இரண்டு பக்கமும் பஞ்சு வைத்தாயிற்று, எச்சில் உறிஞ்சும் குழாயை மாட்டியாயிற்று, மரத்துப்போக ஊசியும் போட்டாயிற்று. இனிமேல் இந்த மனிதரால் எதையும் சொல்லிக் காரியத்தைக் கெடுக்க முடியாது என்று நிச்சயமானதும் டாக்டர் ஆரம்பித்தார். முதல் கோல் எந்தப் பக்கமிருந்து வந்தது, இரண்டாவது கோலுக்கு முன்னால் அந்தப் புதுப்பையன் எப்படி இரண்டு பேரை ஏமாற்றிக்கொண்டு போனான், மூன்றாவது கோல் எப்படிக் கம்பத்தில் பட்டு உள்ளே போனது, கம்பம் கொஞ்சம் ஒல்லியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"ஆ," என்றார் தபால்காரர்.

"அதேதான். ரொம்பத் துள்ளக் கூடாது. நானும் அதைத்தான் சொல்றேன்."

அந்த வாரம் ஊசி தேவைப்படாத பல்லுக்கெல்லாம் டாக்டர் ஊசி போட்டார் என்று நர்ஸம்மா சொல்கிறார். எனக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம், வியாழக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள் என்பதுதான்.

டாக்டருக்கு ஒரே மகள். கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். மாப்பிள்ளைப் பையன் லிஃப்ட் இன்ஜினியர். இரண்டு பேரும் சந்தித்ததே அவள் வரைந்த கட்டடத்தில், நடுவழியில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள்தான். தங்கமான பையன். டாக்டருக்கு அவனிடம் ஒரு குறையும் கிடையாது. பற்கள்கூட வரிசையாக இருந்தன. கல்யாணத் தேதியையும் போன மாதமே போனில் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வருஷம் வெயில் காலத்தில் ஒரு சனிக்கிழமை. அது சீசனின் கடைசி நாள், பச்சைச் சட்டைக்காரர்கள் சொந்த மைதானத்தில் கடைசி மேட்ச் ஆடும் நாள் என்பது டாக்டருக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் "உங்க இஷ்டம் சம்பந்தியம்மா" என்றார். அன்றைக்கு அவர்கள் பட்டியலின் எந்த மூலையில் கிடப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

ஆனால் அது போன மாதம். இப்போது மூன்று கோல்.

சம்பந்தியம்மா தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். உட்கார்ந்த இடம் தானாகவே ஆபீஸ் அறையாகிவிடும். அவர் கணவர் ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். ஒரு நாளைக்கு நான்கு வார்த்தை பேசினால் அதிகம். நடுவில் மாப்பிள்ளைப் பையன், காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

"அப்போ அந்தச் சனிக்கிழமை சாயங்காலம்னு மண்டபத்துக்குச் சொல்லிடலாம்ல?" என்றார் சம்பந்தியம்மா.

ரயில் டிரைவர் தொண்டையைக் கனைத்தார். "காலையில வச்சா..."

"உங்களுக்கு இன்னும் காபி வேணுமா?"

"வேணாம்."

"அப்போ கொஞ்சம் சும்மா இருங்க. நீங்க சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் நெளிந்தார். "அந்தச் சனிக்கிழமையேதான் வேணுமா?"

அறையில் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள்.

"நீங்கதானே போன மாசம் எங்க இஷ்டம்னு சொன்னீங்க?"

"இஷ்டம்தான். இல்லேங்கல. ஆனா வெயில் காலம் பாருங்க."

"மண்டபம் முழுக்க ஏசி."

"ஏசி எனக்கு ஒத்துக்கறதில்ல," என்றார், தன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஏசி அறையில் பல் பிடுங்கிக்கொண்டிருக்கிற மனிதர். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அதோட அந்த ரோடு. அன்னைக்கு அந்த ரோட்டுல ஈ எறும்பு நுழைய முடியாதே!"

"எதுக்கு?"

எதற்கு? சொன்னால் நம்புவீர்களா? மண்டபம் இருப்பது மைதானத்திலிருந்து ஊருக்குள் வருகிற பெரிய ரோட்டில். டாக்டரின் மண்டைக்குள் திங்கட்கிழமையிலிருந்தே அந்த ரோட்டில் மேல்மூடி இல்லாத ஒரு பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸின் உச்சியில் அந்தப் புதுப்பையன் இரண்டு கையாலும் 'அதை'த் தூக்கிக் காட்டுகிறான், இரண்டு பக்கமும் பச்சைக் கொடி, ஒரு வளைவில் பஸ் நிற்கிறது, பையன் குனிந்து கூட்டத்தில் நம் டாக்டரைத்தான் பார்க்கிறான். ஒரே ஒரு மேட்ச்தான் ஜெயித்திருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

"பொதுவா சொன்னேன்," என்றார் டாக்டர். "சனிக்கிழமைன்னா கூட்டம் இருக்கும்ல."

"இதை விட்டா மண்டபம் அடுத்த வருஷம் கடைசியிலதான் கிடைக்கும்."

"அப்பவே வச்சுக்கலாமே!"

சொன்ன பிறகுதான் எவ்வளவு உற்சாகமாகச் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கே உறைத்தது. சம்பந்தியம்மா கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"டாக்டர், நான் எத்தனையோ அப்பா அம்மாவைப் பாத்தவ. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தணும்னு முடிவு பண்ணிட்டு வர்றவங்க முதல்ல வெயிலைத்தான் சொல்லுவாங்க. அப்புறம் ரோட்டைச் சொல்லுவாங்க. எங்க பையனைப் பிடிக்கலேன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. நாங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டோம்."

நினைத்துக்கொள்ளாத முகமா அது? கைப்பையை மடியில் எடுத்து வைத்தாயிற்று. மாப்பிள்ளைப் பையன் லிஃப்ட்டுக் கயிறு அறுந்தவன் போல உட்கார்ந்திருந்தான். மகள் எழுந்து, "அப்பா, கொஞ்சம் உள்ள வாங்க," என்றாள்.

சமையலறைக் கதவைச் சாத்தினாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"அவரைப் பிடிக்கலையாப்பா உங்களுக்கு?"

"ஐயோ, யாரும்மா சொன்னா? தங்கமான பையன்."

"அப்புறம் ஏன்ப்பா இப்படிப் பண்றீங்க? அவங்க எழுந்து போகப் போறாங்க. போயிட்டாங்கன்னா அந்த அம்மா திரும்பி வர மாட்டாங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

டாக்டர் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மகள் அழுவதை அவரால் தாங்க முடியாது. பல் விழுந்த வயதில் அழுததைக்கூட அவர் தாங்கியதில்லை. ஆனால் சொல்வது எப்படி? சொன்னால் போய்விடுமே!

"அன்னைக்கு வந்து... ஒரு பேச்சுக்குத்தாம்மா... ஒருவேளை, அப்படி ஏதாவது, நடக்காது, நடக்கவே நடக்காது, ஆனா தப்பித்தவறி..."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை உற்றுப் பார்த்தாள். பெற்ற அப்பாவைத் தெரியாதா?

"கடைசி மேட்ச்சா?"

"சத்தமாச் சொல்லாதம்மா!"

"அப்பா! ஒரு மேட்ச்தானேப்பா ஜெயிச்சிருக்காங்க!"

"அதைத்தாம்மா நானும் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வந்தது, இரண்டும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. அப்பாவின் தோளைப் பிடித்துக் கதவுப் பக்கம் திருப்பினாள். "போய்ச் சொல்லுங்க. இப்பவே. அவங்க முன்னாடி, வாயைத் திறந்து சொல்லுங்க."

"நீயே சொல்லிடேன்."

"நான் சொன்னா நம்ப மாட்டாங்க. யாருமே நம்ப மாட்டாங்க. உங்க முகத்தைப் பாத்தாத்தான் நம்புவாங்க."

ஒரு பக்கம் மகள். இன்னொரு பக்கம் இத்தனை வருஷம் உதட்டுக்குப் பின்னாலேயே காப்பாற்றி வைத்திருந்த ஒரு சொல். சிரிக்காதீர்கள், வாசகரே. அந்தச் சமையலறையிலிருந்து முன்னறைக்கு நடந்த நடை அவர் வாழ்க்கையிலேயே நீளமான நடை. ஆனாலும் நடந்தார். மகள் என்றால் மகள்தான்.

"சம்பந்தியம்மா," என்றார். "உங்க பையனுக்கு என் பொண்ணைக் கொடுக்கறதுக்கு நான் கொடுத்து வச்சிருக்கணும். விஷயம் என்னன்னா... அன்னைக்கு எங்க டீம் கோப்பை வாங்கப் போறாங்க."

"எந்த டீம்?"

"பச்சைச் சட்டை."

சம்பந்தியம்மா ஒரு கணம் அப்படியே பார்த்தார். பிறகு சிரித்தார். எத்தனையோ மாணவர்களை நடுங்க வைத்த அந்த அம்மாள் கைப்பை கீழே விழ, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். "அவங்களா? அவங்களா டாக்டர்? அதுக்கா என் பையன் கல்யாணத்தை மாசக்கணக்கில தள்ளப் பாத்தீங்க?"

"ஏன்? ஏன் வாங்க மாட்டாங்க?"

போயிற்று. அணை உடைந்தது. சொல்லியாகிவிட்டது, இனி எதற்கு அடக்கம்? புதுப்பையனின் கால் எப்படிப்பட்ட கால், இடது பக்க டிஃபென்ஸ் உண்மையில் எப்படிப்பட்ட கோட்டை, கோல்கீப்பர் பந்துக்காகத் தூங்குகிற மாதிரி நடித்துக் காத்திருக்கும் அழகு என்ன, எதிர் டீமில் ஒருத்தனுக்கும் காய்ச்சலே கிடையாது, எல்லாரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார்கள், அவர்களைத்தான் ஓட ஓட அடித்தோம், இந்த வருஷம் இல்லையென்றால் எந்த வருஷம் என்று எழுந்து நின்று கையை வீசிப் பேசினார். மனைவி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இந்த மனுஷன் 'பரவாயில்ல'ன்னுதான் சொன்னாரு," என்று மகளின் காதில் சொன்னார்.

"சொல்லிட்டீங்களே!"

யாரென்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ரயில் டிரைவர். எழுந்து நின்றிருந்தார்.

"சொல்லிட்டீங்களே சம்பந்தி! இப்படிப் போட்டு உடைச்சுட்டீங்களே! நான்பாட்டுக்கு மூட்டு வலி, சாயங்காலம் நிக்க முடியாது, காலையிலேயே வச்சுக்கலாம்னு சொல்லிக் காரியத்தை முடிச்சிருப்பேன். காலையில கல்யாணம், மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் மைதானம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. வாயே திறக்காம வாரம் முழுக்கக் காத்தேன். எல்லாம் போச்சு!"

"நீங்களுமா?" என்றார் சம்பந்தியம்மா. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவருக்கும் இது புதுச் செய்தி.

ரயில் டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு மேட்ச்தானேன்னுதான் சொல்லல."

தீர்ப்பு அங்கேயே வழங்கப்பட்டது: கல்யாணம் காலையில். இரண்டு அப்பாக்களும் கல்யாணம் முடிகிறவரை பந்து என்ற பேச்சை எடுக்கக் கூடாது. மாப்பிள்ளைப் பையனுக்கு உயிர் வந்து, ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தான். மகள் அப்பாவின் கன்னத்தைக் கிள்ளினாள். ரயில் டிரைவர் மட்டும் வாசலில் செருப்பு மாட்டும்போது, "உங்களை நான் ரொம்ப நிதானமானவர்னு நினைச்சேன் சம்பந்தி," என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டருக்கு அது சுருக்கென்று தைத்தது.

அந்தச் சனிக்கிழமை இரண்டாவது மேட்ச். என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நாலு கோல். நாங்கள் போட்டது அல்ல, வாங்கியது. இடது பக்கம் முழுக்கக் கதவில்லாத வீடு. புதுப்பையன் பந்தை நிறுத்தப் போய்ப் பந்து மேலேயே ஏறி விழுந்தான். கடைசி விசில் ஊதிய கையோடு ரயில் டிரைவரிடமிருந்து போன் வந்தது. எடுத்ததும் அந்தப் பக்கம் பெருமூச்சு மட்டும் கேட்டது, பிறகு வைத்துவிட்டார். தப்பு டாக்டரின் வாயில்தானே?

ஆனால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை சம்பந்தியம்மா கூப்பிட்டார். வீட்டில் எல்லோரும் கேட்கட்டும் என்று மகள் போனை நடுமேஜையில் வைத்தாள்.

"டாக்டர், நல்ல செய்தி. மண்டபத்துல விசாரிச்சேன், அன்னைக்குச் சாயங்காலமும் காலியாத்தான் இருக்காம். காலையிலன்னா சொந்தக்காரங்க எல்லாரையும் கிளப்பிக் கூட்டிட்டு வர்றதுக்குள்ள உயிர் போயிடும். நேத்துதான் உங்க ஆளுங்க ஊத்திட்டாங்களே, இனிமே உங்களுக்கு என்ன கவலை? பழையபடி சாயங்காலமே வச்சுக்கலாமா?"

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஒரு மேட்ச் தோற்றால் என்ன? இன்னும் எவ்வளவோ மேட்ச் இருக்கிறது. வாயைத் திறந்து சொன்ன தோஷம்கூட இந்த நாலு கோலோடு கழிந்துபோயிருக்கும். ஆனால் இதையெல்லாம் போனிலா சொல்ல முடியும்?

"வேண்டாம்," என்றார். "காலையிலேயே இருக்கட்டும்."

"காலையிலேயே இருக்கட்டும்," என்று அதே நேரத்தில் போனுக்குள்ளிருந்து, தூரத்தில், ரயில் டிரைவரின் குரலும் கேட்டது.

"ஏன்?" என்றார் சம்பந்தியம்மா.

டாக்டர் மேஜைமேல் கிடந்த பேப்பரைப் புரட்டிச் சமையல் குறிப்புக்குப் போனார்.

"சும்மாதான்," என்றார் டாக்டர்.

சிரித்து முடித்தாயிற்றா? நல்லது. உங்களுக்குக் கால்பந்தே பிடிக்காது, இந்தப் பைத்தியக்காரக் கூட்டத்துக்கும் உங்களுக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது, அப்படித்தானே? நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்துவிடுங்கள். போன வாரம் எடை பார்க்கும் மெஷினில் முள் கொஞ்சம் குறைந்து நின்றதே, அன்றைக்கு வீட்டில் ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை மூச்சுவிடாமல், நாற்காலி போட்டு ஏறி, பரணில் கிடந்த அந்தப் பழைய பேண்ட்டைக் கீழே இறக்கித் துவைத்துக் காயப்போட்டது யார்?